வாலுத்தனமா, கவனக் கோளாறா?

பெங்களூருக்கு அருகே ஆனேக்கல் பக்கத்தில் ஒரு பிள்ளை துறுதுறுவென்று இருந்தால் ‘வாலு’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். கவனக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வகுப்பில் மட்டும்தான் தொல்லையா? முதலில் கண், காது, தூக்கம் மூன்றையும் பாருங்கள்.

இந்தக் கோளாறு இருந்தும் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகள்தான் பலர் கண்ணிலும் படுவதில்லை. ‘சோம்பேறி’ பட்டம் வேறு!

இப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘குளி, சாப்பிடு, பையை எடு’ என்று அடுக்காதீர்கள். ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் 15 நிமிடம், பிறகு கொஞ்சம் ஓடட்டும். பாராட்டை அப்போதே கொடுங்கள். ‘பரீட்சை முடிந்ததும் சைக்கிள்’ எடுபடாது. அடி உதவவே உதவாது.

இந்தக் கோளாறு மரபுவழியாகவும் வரும். பிள்ளையைக் காட்டப்போன அப்பா, ‘நானும் இப்படித்தானே’ என்று திகைப்பதுண்டு. பெரியவர்களிடம் ஓட்டம் குறைந்து மறதியும் பாதியில் நிற்கும் வேலைகளும் மிஞ்சும். அவர்களுக்குக் கைகொடுப்பவை: சாவிக்கு ஒரே ஆணி, கரண்ட் பில்லுக்குப் போனில் அலாரம்.

மருத்துவரிடம் காட்ட, ஆனேக்கலிலிருந்து சந்தாபுரா போய் ஓசூர் ரோட்டைப் பிடித்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. குழந்தைகளுக்கென்றே தனி மனநலத் துறை உண்டு. ஆசிரியரிடம் எழுதி வாங்கிய குறிப்போடு போங்கள். அலைய முடியாதவர்களுக்கு டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் பசி மந்தமாகலாம். காலைச் சாப்பாட்டை முதலில் கொடுத்துவிடுங்கள்.