பொங்கல் காலமும் புற்றுநோய்ச் சிகிச்சையும்

தை பிறக்கும் வேளையில் கிராமத்துக் குடும்பத்திற்கு உள்ள வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. சம்பா அறுவடை, களத்து வேலை, வீட்டிற்கு வெள்ளையடித்தல், மாடுகளின் கொம்புக்கு வர்ணம் பூசுதல், மணமுடித்துக் கொடுத்த மகளுக்கு வரிசை அனுப்புதல் என ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நிற்கும். இத்தகைய சமயத்தில் வீட்டுத் தலைவி புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருவாளாயின், அக்குடும்பம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

உதாரணமாக, திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றை அடுத்த சிற்றூரில் வாழும் ஓர் உழவர் குடும்பத்தை மனத்தில் கொள்வோம். தாய்க்குக் கருப்பை வாயில் புற்று. காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அரசினர் நடத்தும் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை. இந்நோய்க்குப் பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாட்கள் வீதம் ஏறக்குறைய ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு அளிப்பர். அதனுடன் வாரம் ஒருமுறை மருந்து ஏற்றுவர். அதன்பின் சில தடவை உட்புறக் கதிர்வீச்சு உண்டு. இவையனைத்தும் எட்டு வாரத்திற்குள் முடிதல் வேண்டும் என்பது மருத்துவர்களின் நோக்கம். கார்த்திகை இறுதியில் தொடங்கிய சிகிச்சை பொங்கலின்போது நடுவழியில் நிற்கும்.

குடும்பத்தார் ஏமாந்துபோவது பெரும்பாலும் இந்த நடுவழியில்தான். இரண்டு மூன்று வாரங்களில் உதிரப்போக்கு நின்றுவிடுவதுண்டு. நாற்றமும் வலியும் குறையும். தாயின் முகத்தில் தெளிவு காணும். உடனே பெரியப்பாவோ மாமாவோ, "நோய் இறங்கிவிட்டது; பண்டிகை முடிந்து போய்க்கொள்ளலாம்" என்று யோசனை கூறுவார். அன்பினால் கூறும் யோசனைதான். ஆயினும் இது மிகுந்த கேடு விளைவிப்பது. உதிரம் நின்றதனால் புற்று அழிந்ததாகப் பொருளில்லை. எஞ்சிய அணுக்கள் சிகிச்சை நிற்கும் நாட்களில் மீண்டும் பெருகத் தொடங்கும். அதுவும் முன்னிலும் விரைவாகப் பெருகும். அரைகுறையாகக் களையெடுத்த வயலின் கதி உழவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. இந்நோயில் மொத்தச் சிகிச்சை எட்டு வாரத்தைத் தாண்டி நீளும் ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் என்பது மருத்துவ நூலார் கண்ட முடிவு.

ஆனால் பொங்கலை ஒட்டி மருத்துவமனைக்கே விடுமுறை வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆதலின் மார்கழி நடுவிலேயே கதிர்வீச்சுப் பிரிவில் இரண்டு செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தெந்த நாட்களில் இயந்திரம் இயங்கும்? விடுபடும் நாளை எவ்வாறு ஈடுசெய்வர்? சனிக்கிழமையில் அளிப்பதும், ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இருமுறை அளிப்பதும் வழக்கத்தில் உள்ள முறைகள். அதனைத் தீர்மானிப்பவர் மருத்துவர். குடும்பத்தார் தாமாக ஒரு நாளைக்கூடக் கழிக்கலாகாது.

பண்டிகைக் கூட்டத்தில் பேருந்துப் பயணம் வேறொரு துன்பம். வழியில் கழிப்பிடம் இராது என்று அஞ்சி நம் பெண்கள் தண்ணீர் அருந்தாமலே புறப்படுவர். கதிர்வீச்சினால் பேதி கண்டிருக்கும் உடலுக்கு இது ஆகாது. மேலும் இந்நோய்க்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. நீர் குறைந்தால் தீங்கு மிகும். அந்த வாரத்தில் மட்டுமாவது மருத்துவமனை அருகே தங்க இடம் பார்ப்பது நன்று. இயலாதெனில் கூட்டம் சேருமுன் முதல் பேருந்தில் செல்லலாம்.

இனி வீட்டிற்கு வருவோம். போகிப் புகை அவளை அண்டலாகாது. வெள்ளையடிப்பதையும் இவ்வாண்டு ஒத்திவைத்தால் குடிமுழுகிப் போகாது. மருந்து ஏற்றிய உடலில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும். எனவே சளி, இருமல் உள்ள விருந்தினரைத் திண்ணையிலேயே உபசரித்து அனுப்புவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. வீட்டில் வெப்பமானி ஒன்று அவசியம் இருத்தல் வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், அது பொங்கல் பானை பொங்கும் வேளையேயாயினும், மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துப் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 வண்டி பண்டிகையன்றும் வரும்.

உணவில் பெரிய சட்டதிட்டம் வேண்டுவதில்லை. பேதி இருக்கும்வரை நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், காரக் குழம்பு, பாற்பண்டங்கள் இவற்றைக் குறைத்து, குழைந்த வெண்பொங்கலும் நன்கு புளிக்காத மோரும் அவள் உடம்பு ஏற்கும் அளவில் கொடுக்கலாம். நீர் தாராளமாகத் தரவேண்டும். இங்கு மற்றொன்றையும் கூறவேண்டியுள்ளது. சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்து, பேரப்பிள்ளைகளை அருகே விடாமல் தடுக்கின்றனர். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. வெளியிலிருந்து செலுத்தும் கதிரும் சிகிச்சை முடிந்த கணமே நின்றுவிடும், உடலில் தங்குவதில்லை. உடல்நலமுள்ள குழந்தைகள் பாட்டியின் மடியில் தாராளமாக உட்காரலாம்.

வேலைப் பங்கீட்டைக் குடும்பம் முழுவதும் கூடி முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். நோயாளியுடன் செல்பவர் கணவராயின், களத்து வேலையை மகன் ஏற்கலாம். வெளியூர்த் தொழிற்சாலையில் பணிபுரியும் மகன் பண்டிகை விடுப்புடன் மேலும் இரண்டு நாள் சேர்த்துக் கேட்டு வாங்குவது தகும். மாட்டுப் பொங்கலன்று பால் கறப்பதற்கு அண்டை வீட்டாரிடம் சொல்லிவைக்கலாம். கைம்மாற்று நம் ஊர்களில் புதிதன்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தால் சமையல் முழுவதையும் அவள் தலையில் சுமத்திவிடுவதையே பல வீடுகளில் காண்கிறோம். பொதுத்தேர்வு நெருங்கும் சமயம் அது. அடுப்படியில் ஆண்களும் நிற்கட்டும். அரிசி களைவது ஏர் ஓட்டுவதைவிடக் கடினமன்று.

இந்தக் கலந்தாலோசனையில் தாயும் இருத்தல் வேண்டும். நோயின் பெயரை அவளிடம் மறைத்துவைக்கும் வழக்கத்தை நாம் ஆதரிப்பதற்கில்லை. உண்மை அறியாதவள், "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று பாதியில் நிறுத்த முனைவாள். அறிந்தவளோ விடுபடும் நாளைத் தானே எண்ணிக் கேட்பாள். பொங்கலன்று நாற்காலியில் அமர்ந்து, பால் எப்போது ஊற்றுவது, வெல்லம் எவ்வளவு போடுவது என்று கட்டளையிடும் உரிமை அவளுக்கே இருக்கட்டும். எல்லா வேலையையும் பறித்து மூலையில் படுக்கவைப்பது சிலருக்கு நோயினும் கொடிது.

செலவு குறித்துச் சுருக்கமாகக் கூறுவோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. நகையை அடகு வைக்கப் புறப்படுமுன் இவற்றை மருத்துவமனையிலேயே விசாரித்தல் நலம்.

மாசியில் சிகிச்சை முடிந்தபின்னும் முதல் இரண்டாண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்வர். அந்தத் தேதிகளில் விதைப்போ, திருவிழாவோ, உறவினர் திருமணமோ குறுக்கிடக்கூடும். மருத்துவமனை அட்டையைப் பெட்டிக்குள் பூட்டாமல், வீட்டு நாட்காட்டி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைக்கலாம்.