காயம் ஆறியபின் யாரை எடுப்பது: பாலாஜியா, நடராஜனா?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் சூளையிலிருந்து இறக்கிய சாமானை விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல சரக்கு. மழுங்கிய சத்தம் வந்தால் உள்ளே விரிசல். காயம் ஆறித் திரும்பும் ஆட்டக்காரரிடம் மட்டும் நாம் பளபளப்பைத்தான் பார்க்கிறோம். ‘பழைய வேகம் வந்துடுச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி. பொங்கல் டோர்னமென்டுக்கு அணி சேர்க்கும் கேப்டன்களே, அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

லட்சுமிபதி பாலாஜியை எடுத்துக்கொள்வோம். 2004 பாகிஸ்தான் பயணத்தில் கொண்டாடப்பட்டவர். பிறகு முதுகெலும்பில் முறிவு வந்து, சில ஆண்டுகள் அதிலேயே கரைந்தன. பந்துவீசும் பாணியையே மாற்றிக்கொண்டு திரும்பினார். பழைய வேகம் இல்லை, அதற்கு ஈடாக ஸ்லோ பால் கைக்கு வந்தது. 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக 24 ரன்னுக்கு 5 விக்கெட். ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கும் அதில்தான். ஆனால் இந்தியாவுக்காக அவர் ஆடிய 8 டெஸ்டும் காயத்துக்கு முந்தியவை.

சின்னப்பம்பட்டி நடராஜன் கதை வேறு. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவருக்கு, 2021 ஏப்ரலில் மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. ஐபிஎல்லில் 2020இல் 16 ஆட்டத்தில் 16 விக்கெட் எடுத்தவர், 2022இல் 11 ஆட்டத்திலேயே 18 எடுத்தார். முன்னைவிடத் தேறிவிட்டார் என்று தோன்றும். ஓவருக்குக் கொடுத்த ரன்னையும் பாருங்கள்: எட்டிலிருந்து ஒன்பதரை பக்கம் போயிருந்தது. 2023இல் 12 ஆட்டத்தில் 10 விக்கெட்தான். 2024இல் 14 ஆட்டத்தில் 19. ஒரு சீசனைக் கொண்டு தீர்ப்பெழுதினால் எந்தப் பக்கமும் ஏமாறலாம்.

இருவரையும் ஒரே தட்டில் வைக்க ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. 2012 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. பாலாஜி இரண்டு சிக்ஸர் கொடுத்தும் இந்தியா ஒரு ரன்னில் ஜெயித்தது. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கும் கடைசி ஓவரில் அதே 14. நடராஜன் வீசினார், 7 ரன்னில் வெற்றி. முன்னது காயத்துக்குப் பின், பின்னது அறுவை சிகிச்சைக்குச் சற்று முன். நெஞ்சுரத்தை மூட்டும் முதுகும் தீர்மானிப்பதில்லை போலும்.

சராசரியிலும் ஒரு கண்ணி உண்டு. கூடைப்பந்தில் கெவின் டுரான்ட் குதிகால் தசைநாண் அறுந்து 2020-21இல் திரும்பியபோது சராசரி 26.9 புள்ளி, அபாரம். அந்த சீசனின் 72 ஆட்டத்தில் அவர் ஆடியதோ 35. ஆகவே, களத்தில் எத்தனை நாள் நின்றார் என்பதைக் கேட்காமல் சராசரியைக் கேட்காதீர்கள்.

என் தேர்வு? திரும்பிவந்த விதத்தில் பாலாஜிக்கே என் ஓட்டு. கைவிட்டுப்போன வித்தைக்குப் பதில் இன்னொன்றைக் கற்றவர். உங்கள் அணிக்குக் கடைசி நாலு ஓவர்தான் கவலை என்றால் நடராஜன் மாதிரி ஆளை எடுங்கள். டென்னிஸ் பந்தில் பழகிய அந்த யார்க்கர் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவரிடம் இருந்தது. எப்படியானாலும், காயத்திலிருந்து வந்த பையனை மூன்று ஓவர் தொடர்ந்து வீசச் சொல்லிப் பார்த்ததும் பெயரை எழுதிவிடாதீர்கள். மறுநாள் காலையும் வரச் சொல்லி, ஓடிவரும் கால்களைப் பாருங்கள்.