கைத்திறனும் காட்டுந் திறனும்

தயிரை மத்தினாற் கடைதல் நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவந்த செயலாகும். மத்தைச் சுற்றிய கயிற்றின் இரு முனைகளையும் மாறி மாறி இழுக்க, அது முன்னும் பின்னுமாகச் சுழலும். மரத்துண்டைச் சுழலச் செய்து, அதன்மேல் உளியின் வாயைப் பொருத்தி, உருண்டு திரண்ட வடிவங்களை ஆக்கும் தொழிலுக்கும் நம் முன்னோர் கடைதல் என்றே பெயரிட்டனர். சிறுவர் ஆடும் பம்பரமும், கட்டிலின் உருண்டைக் கால்களும், தொட்டிற் கட்டையும் கடைசலால் ஆகிய பொருள்களே.

இவ்விரு செயல்களும் ஒரே பெயர் பெற்றமை மிகவும் பொருத்தமானதாகும். ஏனெனில், பழங்காலத்தில் மரமும் கயிற்றினாலேயே சுழற்றப்பட்டது. எகிப்து நாட்டில் பெட்டோசிரிசு என்பவரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ கி.மு. 300ஆம் ஆண்டளவில் செதுக்கப்பட்ட சிற்பம் ஒன்று உளது. அதில் ஒருவன் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றொருவன் உளியைப் பிடித்துக் கடைகின்றான். பின்னர் ஐரோப்பிய நாடுகளில் கடைசல்காரர் தாமே காலால் மிதித்து மரத்தைச் சுழற்றும் முறை தோன்றியது. மரத்தைச் சுற்றிய கயிற்றின் ஒருமுனை மேலே வளையும் கழியிலும், மறுமுனை கீழே மிதிபலகையிலும் கட்டப்பட்டிருக்கும். பலகையை மிதித்தால் மரம் தொழிலாளியை நோக்கிச் சுழலும். அப்பொழுது உளி வெட்டும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலிழுக்கும்; மரம் எதிர்த்திசையிற் சுழலும்; அப்பொழுது உளி சற்றே விலகி நிற்கும். இன்று மின்விசையாற் சுழலும் கடைசல் எந்திரம் ஒரே திசையில் ஓயாது சுழல்கின்றது.

இங்கிலாந்தில் கடைசல் தொழில் நெடுங்காலம் பெருமையுற்று விளங்கியது. இலண்டன் நகரக் கடைசல்காரர் சங்கம் 1604ஆம் ஆண்டிலேயே அரசரின் உரிமைப் பட்டயம் பெற்றது. காலப்போக்கில் தொழிற்சாலைகள் பெருகின. மரக் கிண்ணங்களின் இடத்தைப் பீங்கானும் உலோகமும் பற்றிக்கொண்டன. கைக்கடைசலால் வாழ்க்கை நடத்துவோர் அருகினர்.

அங்ஙனம் அருகியோருள் ஒருவர் சார்ச்சு லெய்லி என்பவர். இங்கிலாந்தின் பெர்க்சயர் பகுதியில் பக்கிள்பரி என்னும் ஊரினர். மிதிபலகைக் கடைசலில் எல்ம் மரத்துண்டைப் பூட்டி, வளைந்த கொக்கி போன்ற உளிகளால், ஒரே துண்டினின்றும் ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் பல கிண்ணங்களைக் கடைந்தெடுப்பதில் அவர் வல்லவர். பெரிய கிண்ணத்தின் வயிற்றுள் இருக்கும் மரம் வீணாகாமல் அடுத்த கிண்ணமாகும். அதனுள் இருப்பது அதனினும் சிறிய கிண்ணமாகும். அவர் 1958ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப்பின் அத்தொழிலைத் தொடர மாணாக்கர் எவரும் இலர். அவருடைய கடைசல் பொறியும் உளிகளும் ரெடிங் நகரிலுள்ள ஊரக வாழ்க்கை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

கருவிகள் எஞ்சின, அவற்றை இயக்கிய கை எஞ்சவில்லை. எவ்வுளியை எக்கோணத்திற் சாய்ப்பது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பன இரும்பின்மேல் எழுதப்பட்டிருப்பன அல்லவே! பல்லாண்டுகள் கழிந்தபின், 1990ஆம் ஆண்டுகளில், இராபின் வுட் என்னும் ஆங்கிலேயர் அக்கருவிகளை ஆராய்ந்து, அவை போன்ற உளிகளைத் தாமே அடித்துச் செய்து, பலமுறை முயன்று, அக்கலையை மீட்டார். ஒரு மாலைப்பொழுதிற் கண்ணாற் கண்டு அறியத்தக்கதை, காட்டுவார் இன்மையால், ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேட வேண்டியதாயிற்று.

இக்குறையைப் போக்கும் பணியை இந்நாளில் கடைசற் கழகங்கள் செய்துவருகின்றன. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 1987ஆம் ஆண்டிலும் கடைசல்காரர்களின் பெருஞ்சங்கங்கள் தோன்றின. ஊர்தோறும் சிறு கழகங்களும் உள்ளன. அவற்றின் உறுப்பினரிற் பலர் தொழிலுக்காகவன்றி, ஓய்வுநேர இன்பத்திற்காகவே கடைபவர். திங்கள்தோறும் ஊர்ப் பொதுமன்றத்திற் கூடுவதும், ஒருவர் கடைந்து காட்ட ஏனையோர் கண்டு கற்பதும் அக்கழகங்களின் வழக்கம். வெளியூர் வல்லுநர் வந்து காட்டுவதும் உண்டு. உறுப்பினருள் ஒருவரே காட்டுவதும் உண்டு.

இத்தகைய கழகம் ஒன்றில் ஓர் உறுப்பினரை நோக்கி, "அடுத்த திங்கள் தாங்கள் கடைந்து காட்டவேண்டும்" என்று செயலாளர் கேட்பதாகக் கொள்வோம். அவ்வுறுப்பினர் பல்லாண்டுகள் தம் வீட்டுக் கொட்டிலில் தனியே கடைந்து பழகியவர்; கைதேர்ந்தவர். ஆயினும் அவ்வேண்டுகோளைக் கேட்டதும் அவர் உள்ளம் நடுங்குகின்றது. தனிமையில் உளி பிழைத்தால் அதனை அறிவார் எவருமிலர். முப்பதின்மர் நடுவே பிழைத்தால் என் செய்வது? அதனினும் பெரிய ஐயம் ஒன்றும் எழுகின்றது. அவர் கை அறிந்ததை அவர் வாய் அறியுமா?

இவ்வையம் வீணானதன்று. தாம் கற்றதைப் பிறர் விளங்கிக்கொள்ளும்படி எடுத்துரைக்க இயலாதவரை, பூத்திருந்தும் மணம் இல்லாத மலருக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரோ, கற்பிக்கும் முறைக்கே இலக்கணம் வகுத்தார். ஏற்ற காலத்தையும் இடத்தையும் ஆராய்தல், சொல்லவேண்டியவற்றை முன்னரே மனத்துள் ஒழுங்குபடுத்திக்கொள்ளுதல், பரபரப்பும் சினமும் இன்றி இன்முகத்தோடு இருத்தல், மாணாக்கர் எவ்வாறு ஏற்றுக்கொள்வர் என்பதை அறிந்து கூறுதல் ஆகியவை அவர் வகுத்தவற்றுட் சில. நூல் கற்பிப்பார்க்குக் கூறிய இவ்விதிகள் உளி பிடித்துக் காட்டுவார்க்கும் பொருந்துவனவே.

முதலாவது, சொல்லும் பொருளைத் தேர்தல். பெரிய கிண்ணத்தைக் கடைந்து யாவரையும் வியப்பில் ஆழ்த்தலாமா என்று அவர் முதலில் எண்ணுகின்றார். வியப்பு வேறு, கல்வி வேறு எனத் தெளிந்து, விரலாற் சுழற்றும் சிறு பம்பரத்தைத் தேர்கின்றார். அதில் உருளை, குழிவு, குவிவு, கூர்முனை ஆகிய எல்லா வடிவங்களும் உள. பம்பரத்தின் கனமான வட்டப்பகுதி முனைக்கு அருகில் தாழ்ந்திருப்பின் அது நெடுநேரம் சாயாது நின்று சுழலும் என்னும் உண்மையையும் உடன் விளக்கலாம்.

இரண்டாவது, பொருளை மனத்துள் ஒழுங்குபடுத்தல். தம் கொட்டிலில் எந்திரத்தின்முன் நின்று, கேட்பார் இருப்பதாகவே கருதி, உரக்கப் பேசிக்கொண்டு கடைந்து பார்க்கின்றார். அப்பொழுதுதான் ஓர் உண்மை புலனாகின்றது. பேசாமல் பத்து நிமிடத்தில் முடிக்கும் பம்பரம், பேசிக்கொண்டு செய்யுங்கால் அரைமணி நேரம் எடுக்கின்றது. உளியை ஏன் இங்ஙனம் சாய்க்கின்றோம் என்று தம்மையே வினவும்போது உடனே விடை வரவில்லை. கையைப் பலமுறை மெல்ல நகர்த்திப் பார்த்து அவ்விடையை அவரே புதிதாகக் கண்டறிகின்றார். பிறர்க்குச் சொல்ல முயல்பவர் தாமே இரண்டாம் முறை கற்கின்றார். பின்னர்ச் சதுரத்துண்டு, உருளை, பாதி கடைந்தது, முற்றுப்பெற்றது எனப் படிப்படியான நான்கு துண்டுகளை, அவையோர் கையில் வாங்கிப் பார்ப்பதற்காக, அமைத்துக்கொள்கின்றார். மாற்றுத் துண்டுகள் இரண்டையும் உளிகளோடு எடுத்துவைக்கின்றார்.

குறித்த நாளும் வருகின்றது. மன்றத்தில் எந்திரத்திற்கு முன்னே, சிதறும் துண்டுகள் அவையோர்மேற் படாதவாறு கண்ணாடி போன்ற தடுப்பு நிற்கின்றது. பின்வரிசையிலுள்ளோரும் காணும்பொருட்டு, உளி முனையைப் படக்கருவி பெரிய திரையிற் காட்டுகின்றது. அவர் முதலிற் கடையவில்லை. காவலைப் பற்றிக் கூறுகின்றார். முகக்காப்பு அணிதல் வேண்டும். தொங்கும் கழுத்துப்பட்டை, தளர்ந்த சட்டைக் கை, மோதிரம், கையுறை ஆகியவை கூடா; சுழலும் மரம் அவற்றைப் பற்றினால் கையையும் உடன் இழுத்துவிடும். மின்விசையைச் செலுத்துமுன் மரத்தைக் கையாற் சுழற்றி, எதிலும் இடிக்கவில்லை எனக் காணவேண்டும்.

அடுத்து விரைவைப் பற்றிக் கூறுகின்றார். மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, நிமிடத்திற்கு அது சுழலும் எண்ணிக்கையாற் பெருக்கினால், வரும் தொகை 6000 முதல் 9000 வரை இருத்தல் நன்று என்பது கடைசல்காரர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. அதன்படி 2 அங்குல மரத்தை நிமிடத்திற்கு 3000 முறை சுழற்றலாம். 10 அங்குலக் கிண்ணத்தை 900 முறைக்கு மேற் சுழற்றலாகாது. 900 முறை சுழலும்போதே அக்கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர் விரைவில் ஓடும்; 3000 முறை சுழற்றினாலோ ஏறத்தாழ 143 கிலோமீட்டர் விரைவாகிவிடும். வட்டம் தராத சதுரத்துண்டை இக்கணக்கினும் குறைந்த விரைவிலேயே தொடங்கவேண்டும்.

பின்னர் உளியை எடுக்கின்றார். உளியின் வாய்க்குப் பின்னே சரிந்த முகம் ஒன்று உண்டு. உளியைத் தாங்கும் சட்டத்தில் முதலிற் படியச்செய்து, அடுத்து அச்சரிந்த முகத்தை மரத்தின்மேல் உரசவிட்டு, அதன்பின் பிடியை மெல்ல உயர்த்தினால் வாய் தானே மரத்தைத் தொட்டுச் சீவும். முகம் தாங்க, வாய் வெட்டவேண்டும். பருத்த இடத்தினின்று சிறுத்த இடம் நோக்கியே வெட்டவேண்டும். அப்பொழுது மரநார் கீழுள்ள நாரால் தாங்கப்பெற்றுப் பிசிரின்றி அறும். இவற்றை அவர் எந்திரத்தை நிறுத்தியே சொல்கின்றார். எந்திரத்தின் ஒலியும் மனிதரின் சொல்லும் ஒருங்கே செவியில் ஏறா. சொன்னபின் கடைகின்றார், கடைந்தபின் நிறுத்திக் காட்டுகின்றார். மெல்லிய சுருள்கள் உளிவாயினின்று நாடாப்போலப் பறக்கின்றன. நடுங்கிய கை செயலில் ஈடுபட்டதும் உறுதி பெறுகின்றது.

பம்பரத்தின் வளைவைச் சாய்வாய் உளியால் மெருகுபடுத்தும் வேளையில் அவர் அஞ்சியதே நிகழ்கின்றது. ஒருகணம் உளி மரத்தில் மாட்டிக்கொண்டு 'படார்' என ஒலிக்கின்றது. வழவழப்பான வளைவின்மேல் திருகுப்புரி போன்ற ஆழ்ந்த வடு ஓடுகின்றது. மன்றம் அமைதியடைகின்றது.

இங்கேதான் காட்டுவாரின் தகுதி விளங்குகின்றது. வடுவை உப்புத்தாளால் தேய்த்து மறைக்கலாம்; மரத்தின்மேற் பழி போடலாம்; புதிய துண்டை விரைந்து பூட்டி, நிகழாதது போல மேற்செல்லலாம். அவரோ எந்திரத்தை நிறுத்துகின்றார். வடுவைத் திரையில் யாவர்க்கும் தெரியக் காட்டி, "இதற்குக் காரணம் கூறுகின்றேன்" என்கின்றார். சாய்வாய் உளி, வாயின் கீழ்ப்பாதியால் வெட்டவேண்டும். மேல்முனை மரத்தைத் தொட்டால் அவ்விடத்தைச் சரிந்த முகம் தாங்குவதில்லை. சுழலும் மரம் வாயைக் கவ்வித் தன்னுள் இழுத்துக்கொள்ளும். எந்திரம் நிற்க, மரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, மேல்முனை எங்ஙனம் தொட்டது என்பதையும், எங்ஙனம் பிடித்திருப்பின் தொடாது என்பதையும் அவர் செய்து காட்டுகின்றார். வடுப்பட்ட துண்டைக் கழற்றி அவையோர் கையிற் கொடுத்து, மாற்றுத் துண்டைப் பூட்டி முதலினின்று கடைகின்றார்.

பம்பரம் முற்றுப்பெறுகின்றது. மேசையின்மேல் அது நெடுநேரம் நின்று சுழல, அவையோர் கை தட்டுகின்றனர். ஆயினும் கூட்டம் கலையுங்கால், புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் அவரிடம் வந்து கேட்பது அந்த அழகிய பம்பரத்தையன்று. "ஐயா, வடுப்பட்ட துண்டை நான் எடுத்துச் செல்லலாமா? என் துண்டுகளிலும் இவ்வடுவே விழுகின்றது, அதன் காரணத்தை இன்றுதான் அறிந்தேன்" என்கின்றான். அவர் மகிழ்ந்து அதனை அவன் கையில் அளிக்கின்றார்.

பிழையே செய்யாதவரே பிறர்க்குக் கற்பிக்கத் தக்கவர் என்பது பொருந்தாது. பிழையின் காரணத்தை அறிந்து, நாணாமல் எடுத்துரைத்து, திருந்தும் வழியையும் காட்டுபவரே கற்பிக்கத் தக்கவர். ஒருவர் எத்துணைக் கைத்திறன் பெற்றிருப்பினும், அதனைத் தம்முள்ளேயே வைத்திருப்பின் அஃது அவரோடே முடியும். பொருளைப் பிறர்க்கு ஈந்தால் ஈந்தவரிடம் அது குறையும். கலையோ காட்டக் காட்டக் காட்டியவரிடமும் வளரும், கண்டவரிடமும் வேரூன்றும். ஆதலின் தாம் அறிந்த நற்றொழில் எதுவாயினும், அதனைப் பிறர் காணச் செய்து, அவர் கேட்கச் சொல்லி, அவர் கையிலும் ஒப்படைத்தல் வல்லார் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.