வயிற்றுப்போக்கும் வலிப்பும்: ஸ்கேன் சொல்வது என்ன?

வயிற்றுப்போக்கின்போது குழந்தைக்கு வலிப்பு வந்தால், மூளை பாதித்துவிட்டதோ என்று பெற்றோர் பதறுவர். ஈரோடு பகுதிக் கிராமங்களில் இதை 'ஜன்னி' என்பார்கள். ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டியவை சில.

ஒரு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு, ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் தாக்கும்போது, காய்ச்சல் இல்லாமலே வலிப்பு வரலாம். ஒரே நாளில் பலமுறையும் வரலாம். ஜப்பானின் மொரூக்கா 1982இல் இதை விவரித்தார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பெரும்பாலும் மூளை இயல்பாகவே இருக்கும். சிலருக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டையின் பின்பகுதியில் ஒரு மாற்றம் தெரியும். பின்னர் எடுக்கும் ஸ்கேனில் அது மறைந்திருக்கும். பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறிவிடுவர்.

ஆயினும் சர்க்கரை, சோடியம் குறைவாலும் மூளைக்காய்ச்சலாலும் வலிப்பு வரும். எனவே மருத்துவரே காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் கூறுவோம்

* வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி வேண்டாம். உடனே மருத்துவமனை செல்லுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.
* வயிற்றுப்போக்கு தொடங்கியதும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.
* 6, 10, 14ஆம் வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து இலவசம். தமிழ்நாட்டில் 2017 முதல் உள்ளது. இந்தியத் தயாரிப்பான இதன் ஆய்வு நடந்த இடங்களில் வேலூரும் ஒன்று.

முதல் வகுப்பில் சேரும் குழந்தையை, எப்போதோ வந்த வலிப்புக்காக விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் 'வலிப்பு நோயாளி' என்ற பெயரை நாம் சூட்டக் கூடாது.