ஒரு லைசென்ஸும் இரண்டு கம்ப்யூட்டர்களும்

நம்மவர் கடைகளில் இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் பேரேடு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. புதியது ஒன்று வாங்கியதும் பழையதை எறிய மனம் வருவதில்லை. சரக்கறையில் இருப்புக் கணக்குக்கென்று வைத்துக்கொள்கிறோம். அப்போது ஒரு கேள்வி எழுகிறது: காசு கொடுத்து வாங்கிய விண்டோஸைத்தானே அந்தப் பழைய பெட்டியிலும் போடப்போகிறோம், அதில் என்ன தவறு?

அரிசி மூட்டை வாங்கினால் அரிசி நமக்குச் சொந்தம். விண்டோஸ் அப்படியன்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் நமக்கு அளிப்பது உபயோகிக்கும் அனுமதி மட்டுமே. அது ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கே செல்லும். ஆகையால் இரண்டிலும் ஒருங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் கம்ப்யூட்டர் புரோகிராம்களையும் காக்கின்றன.

ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. வாடகைக் கடையைக் காலி செய்யும்போது மேசையை எடுத்துச் செல்கிறோம். சுவரோடு கட்டிய அலமாரி கடையோடு நின்றுவிடுகிறது. தனியாக விலை கொடுத்து வாங்கும் ரீடெயில் லைசென்ஸ் மேசை போன்றது. முதல் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டு அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். லைசென்ஸோ அலமாரி போன்றது. பெட்டி பழுதானால் லைசென்ஸும் அதோடு முடிந்தது. கடைகளில் விண்டோஸ் போட்டே விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். நம்மிடம் இருப்பது எது என்று அறிய, கமாண்ட் திரையில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டி-எல்-ஐ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் ஓ.இ.எம். என்றோ ரீடெயில் என்றோ காட்டும்.

ஆனால் பலர் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. பழைய பெட்டிக்கே சொந்த லைசென்ஸ் இருக்கக்கூடும்! விண்டோஸ் 7 காலத்துப் பெட்டியானால் அதன் உடம்பில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகு செய்யப்பட்ட பெட்டிகள் பலவற்றில் அந்த எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். முன்பே விண்டோஸ் 10 ஏறி ஆக்டிவேட் ஆகியிருந்தால், உரிமை அப்பெட்டியின் பேரில் மைக்ரோசாப்ட்டில் பதிவாகியிருக்கிறது. திரும்ப ஏற்றும்போது எண் கேட்டாலும் "எண் இல்லை" என்று தாண்டிச் செல்லலாம். ஆகவே புதியதன் லைசென்ஸைத் தேடி அலையுமுன் பழையதைத் திருப்பிப் பாருங்கள். சீட்டில் உள்ள விண்டோஸ் 7 எண்ணைக் கொண்டு இப்போது 10 அல்லது 11 ஏற்ற முடியாது. 2023 செப்டம்பரில் அவ்வழி அடைக்கப்பட்டது.

லைசென்ஸ் இருப்பது ஒன்று, பத்திரம் மற்றொன்று. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி பல பழைய பெட்டிகளில் கிடையாது. வாடிக்கையாளர் பற்று வரவை இத்தகைய பெட்டியில் வைத்து இன்டர்நெட்டோடு இணைப்பது திறந்த கல்லாவை வாசலில் வைப்பதற்குச் சமம். இருப்புக் கணக்குக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போதும். அது இலவசம், எத்தனை பெட்டியிலும் போடலாம். ஆயினும் உங்கள் பில் போடும் புரோகிராம் அதில் ஓடுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது அவசியம், பல ஓடா.

சில வெள்ளிக்கு லைசென்ஸ் எண் தருகிறோம் என்பாரும் உளர். பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்ட எண்கள் இவ்வாறு வெளியே வருவதுண்டு. இன்று வேலை செய்யும். நிறுவனம் தடுத்தால் நாளை நிற்கும். அப்போது பணத்தைத் திரும்பக் கேட்க ஆளைத் தேட வேண்டும்.

லோயாட்டிலோ சிம் லிம்மிலோ அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போது, லைசென்ஸ் ஓ.இ.எம்.மா ரீடெயிலா என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பில்லைக் கடைப் பத்திரங்களோடு வையுங்கள்.