லைன்பேக்கர் கனவு

என் மகன் பத்தாம் வகுப்பு. கபடியில் கெட்டிக்காரன். அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்பேக்கராகி, அங்கேயே கல்லூரியில் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நடக்கிற காரியமா?
– ஒரு வாசகி, அல்வால், ஹைதராபாத்

கஷ்டம்தான், ஆனால் நடக்கும் அம்மா. முதலில் அவனுடைய ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான 16 பாடங்களைக் கணக்கில் எடுக்கும். முதல் டிவிஷனுக்கு 4-க்கு 2.3 சராசரி தேவை. கணிதம் மூன்று ஆண்டு படித்திருக்க வேண்டும். ஆகவே இன்டரில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில்) கணிதம் உள்ள எம்.பி.சி. பிரிவை எடுக்கட்டும், பை.பி.சி. எடுத்தால் கணிதம் பத்தோடு நின்றுவிடும்.

ரத்தத்தில் இந்தியா கலந்த ஒருவர் லைன்பேக்கராக, அதாவது எதிரணியினரை மடக்கி வீழ்த்தும் தடுப்பாட்டக்காரராக, ஆடியிருக்கிறார். பிராண்டன் சில்லார், இந்தியத் தந்தையின் மகன். கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் உயர்நிலைப்பள்ளியிலிருந்து யூ.சி.எல்.ஏ.வுக்குப் போய், 2004-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தேர்வானார். பிறகு கிரீன் பே பேக்கர்ஸ். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பதையும் பையனிடம் சொல்லிவிடுங்கள்!

2012-ல் ஹைதராபாத் ஸ்கைகிங்ஸ் என்றொரு அமெரிக்கன் ஃபுட்பால் அணிகூட உங்கள் ஊரில் இருந்தது. இப்போது அதை நம்பி உட்கார முடியாது. உடனே ரக்பியில் சேர்த்துவிடுங்கள். ரெய்டரை மடக்கிப் பிடிக்கும் கை அவனுக்கு இருக்கிறது; ஓடி வருபவனை முழுவேகத்தில், தலையை ஒதுக்கி, தோளால் வீழ்த்துவதை ரக்பிதான் கற்றுத்தரும். ஆட்டங்களைப் படம்பிடித்து, மூன்று நான்கு நிமிடத் தொகுப்பாகப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பட்டும். பெரிய பல்கலைக்கழகங்களோடு நில்லாமல் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கும் எழுதட்டும். மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை; கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.