மழை கூப்பிடும் தொலைபேசி

மழைக்காலத்தில் நமது மாவட்ட நாளிதழ்ப் பதிப்புகளில் ஒரு சிறு பட்டியல் வெளிவருவதை அனைவரும் அறிவோம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், சுருளோடு, பூதப்பாண்டி என ஊர்ப் பெயர்களும், எதிரே மில்லிமீட்டர்க் கணக்கும் இருக்கும். காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் பெய்த மழை அது. வயல் வைத்திருப்போர் அணையின் அடிக்கணக்கையும் சேர்த்துப் பார்ப்பர்.

2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் பெருமழை பெய்து ரயில் பாதையில் மண் சரிந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீடு குழித்துறை ஆற்றங்கரையில் உள்ளது. இரவில் தண்ணீர் முற்றத்துக்கு வந்தபோது பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். மலையில் பெய்த மழையின் அளவை நாளிதழில் நான் வாசித்தபோது, அந்த நீர் எங்கள் வீட்டைக் கடந்து தேங்காப்பட்டணத்துக் கடலில் கலந்திருந்தது. மழைமானியே நம்மைக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு எழுந்தது. இயற்பியல் துறையில் செயல்திட்டமாக அதையே எடுத்துக்கொண்டேன்.

இதற்கு முதலில் வேண்டுவது கவிழ்வாளி மழைமானி. புனலின் கீழே ஏற்றப்பலகை போல் இரு சிறு வாளிகள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழும். மற்றது மேலே வரும். புனலின் விட்டம் 200 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. ஆகவே 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 6.3 கன செ.மீ. நீர் சேரும், அந்த அளவில் வாளி கவிழுமாறு திருகைச் சரிசெய்ய வேண்டும். கவிழும்போது அதிலுள்ள காந்தம் ஒரு ரீட் சுவிட்சை மூடித் திறக்கும். அந்தத் துடிப்பை எண்ணுவது டேட்டா லாக்கர் என்னும் தரவுப் பதிவுக் கருவியின் வேலை.

கருவி 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு எழுதுகிறது என்க. நாளொன்றுக்கு 144 பதிவுகள். பதிவுக்கு 8 எழுத்துகள் எனில் மொத்தம் 1,152. தொலைபேசிக் கம்பி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். எனவே மோடம் 0, 1 என்பவற்றை இரு சுரங்களாக மாற்றுகிறது. வி.21 என்ற பழைய முறையில் கூப்பிடுபவர் 1-க்கு 980 ஹெர்ட்ஸும் 0-க்கு 1,180 ஹெர்ட்ஸும் ஒலிப்பார்; எடுப்பவர் 1,650, 1,850 ஹெர்ட்ஸில் மறுமொழி தருவார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினாலும் குழப்பமில்லை. வேகம் நொடிக்கு 300 பிட், அதாவது 30 எழுத்து. ஒருநாள் மழையைச் சொல்ல 39 நொடி போதும். இக்காலத்தில் இது ஆமை வேகம்தான். ஆனால் மழைக்கு இதற்கு மேல் என்ன அவசரம்?

எண்ணைச் சுழற்றும் கட்டளைகள் 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் காட்டிய வழியில் அமைந்தவை. கருவி ‘ஏ.டி.’ என்று அனுப்பினால் மோடம் ‘ஓ.கே.’ என்னும். ‘ஏ.டி.டி.டி.’ என்பதோடு எண்ணைச் சேர்த்தால் கூப்பிடும். மறுமுனை மோடம் எடுத்ததும் ‘கனெக்ட்’ என்ற சொல் வரும். இன்றைய செல்பேசி மோடம்களும் இக்குடும்பத்துக் கட்டளைகளையே கேட்கின்றன. மோடம் சில நூறு மில்லி ஆம்பியர் இழுப்பதால், கூப்பிடும் நேரத்தில் மட்டும் ரிலே மூலம் மின்சாரம் தர வேண்டும்.

நான் எழுதிய நிரல் எளியது. கடைசி ஒரு மணி நேர மழை 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒரு கொடியை உயர்த்து. கொடி உயர்ந்திருந்தால் கூப்பிடு. ‘கனெக்ட்’ வந்ததும் தரவை அனுப்பிக் கொடியை இறக்கு. கல்லூரி மாடியில் மழைமானியை வைத்தோம். கணிப்பொறி இருந்தது நகரில் நண்பர் வீட்டில்.

ஐப்பசியில் ஓரிரவு நல்ல மழை. காலையில் கையால் அளக்கும் மழைமானியில் அறுபது மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. கணிப்பொறியில் ஒன்றுமே இல்லை. ஆனால் கருவியின் நினைவகத்தில் ‘சொல்லியாயிற்று’ என்ற குறிப்பு இருந்தது! நாள் முழுதும் கம்பியைச் சோதித்தேன், நிரலைச் சோதித்தேன். மாலையில் ஆய்வகத்தைப் பூட்ட வந்த உதவியாளர் அண்ணாச்சி, "போனை எடுத்தது யாரு மக்கா? மோடமா, கம்ப்யூட்டரா?" என்றார்.

அதுதான் விடை. நண்பர் வீட்டு மோடம் மின்கலத்தில் ஓடியது. மின்தடையில் நின்றது கணிப்பொறி மட்டும். மணி அடித்ததும் மோடம் எடுத்தது, ‘கனெக்ட்’ என்றது, கருவி தன் தரவை யாருமற்ற வீட்டில் கொட்டிவிட்டுக் கொடியை இறக்கியது. இதே கருவி கோதையாற்று மலையில் இருந்திருந்தால்? அதை எண்ணி அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

நிரலை மாற்றினேன். இப்போது ‘கனெக்ட்’ வந்த பிறகும் கருவி தன் அடையாள எண்ணைச் சொல்லிக் காத்திருக்கும். கணிப்பொறி தரவைப் பெற்று, கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, அதே எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் கொடி இறங்கும். 60 நொடிக்குள் சொல்லாவிட்டால் அழைப்பை வெட்டிவிடும். இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை முயலும். பின்பு அரை மணிக்கு ஒருமுறை. விடாமல் கூப்பிட்டால் மின்கலம் தீர்ந்துவிடும் என்பதால் இந்த நிதானம். மழை 20-ஐச் சுற்றி ஊசலாடும்போது வீண் அழைப்பு எழாதிருக்க, 10-க்குக் கீழே வந்த பின்னரே அடுத்த எச்சரிக்கைக்கு இடம் வைத்தேன்.

கம்பியே அறுந்தால் என்ன செய்வது என்று பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள் நாம். ஆளில்லா நிலையங்களின் தரவை வாங்கி அனுப்பும் கருவி, 1983-இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி துணைக்கோளிலேயே இருந்தது. அதற்குக் கம்பி வேண்டாம். ஆனால் அங்கே பேச்சு ஒருவழி. ‘பெற்றேன்’ என்ற மறுமொழியை மலைமேல் உள்ள கருவி கேட்பதில்லை. ஆகவே ஒரே செய்தியை இடைவெளிவிட்டு மீண்டும் அனுப்பும் முறையும், ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நேரம் ஒதுக்கும் முறையும் கையாளப்பட்டன. என் கருவிக்குத் துணைக்கோள் எட்டாது. செல்பேசி மோடம் ஒன்றை இரண்டாம் வழியாகச் சேர்க்க எண்ணியுள்ளேன்.

மறுசோதனைக்கு மழை வரவில்லை. ஒரு செம்பு நீரைப் புனலில் மெல்ல ஊற்றினோம். நண்பர் வீட்டில் கணிப்பொறியை வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தோம். கருவி நான்கு முறை கூப்பிட்டு, நான்கு முறையும் ஏமாந்து அடங்கியது. கணிப்பொறியைப் போடச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி வாங்கி வந்த தேநீரோடு காத்திருந்தோம். அரை மணி கழித்து ரிலே ‘டக்’ என்றது. மறுமுனையிலிருந்து எண் திரும்பி வந்தது, கொடி இறங்கியது.

— மூன்றாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்